பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி

"கியர் விழ மாட்டேங்குது"ன்னு ஒருத்தர் சொன்னா போதும், "பாக்ஸை இறக்கிடலாம்"னு பதில் வந்துடுது. சிங்க்ரோமெஷ் படம் போட்டு பதிமூணு மார்க் வாங்கின நாமளும் கூடவே தலையாட்டுறோம். இது சரியில்லைங்கிறதுதான் என் கருத்து.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முழுக்க கார் தொழிற்சாலைகள். ஆனா காஞ்சிபுரத்துல கோயிலுக்கும் பட்டு எடுக்கவும் வர்றவங்களை ஏத்திட்டுச் சுத்துறதுல பழைய வண்டிகளும் நிறைய. முகூர்த்த மாசத்துல அப்படி ஒரு வண்டி ஒரு வாரம் ஷெட்ல நின்னா, ஓட்டுறவரோட ஒரு வார வருமானம் போச்சு.

அதனால முதல்ல வெளியிலிருந்து பாருங்க. இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் சுலபமா விழுந்து, ஆன் பண்ணினா மட்டும் இறுகுதா? கிளட்ச் முழுசா விடலைன்னு சந்தேகப்படுங்க. ஆஃப்லயும் இறுக்கமா? கேபிள், லிங்கேஜைப் பாருங்க. ரிவர்ஸ்ல பல வண்டிகளுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதிச்சு மூணு நொடி பொறுத்துப் போடுங்க. அப்பவும் கடிச்சா, அதுவும் கிளட்ச் பிரச்சனைதான். ஆயிலையும் கேளுங்க. ஜிஎல்-4 கேக்குற பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தினா, அதுல இருக்கிற சல்ஃபர் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கலாம்.

அப்போ இறக்கவே வேணாமா? வேணும். ஓடும்போது ரெண்டாவது கியர் மட்டும் கரகரன்னு கடிச்சா, பெரும்பாலும் அந்த சிங்க்ரோதான் தேய்ஞ்சிருக்கும். ஆனா இறக்கினா முறையா இறக்கணும். ரிங்கை கோன் மேல அழுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜ்ல அளக்கணும். தேய்ஞ்ச ரிங் உள்ளே போய் உக்காந்துடும், இடைவெளி குறைஞ்சிடும். ரிங்கை மட்டும் மாத்திட்டு, மழுங்கின ஸ்லீவையும் தேய்ஞ்ச ஃபோர்க்கையும் அப்படியே வெச்சு மூடினா, அதே சத்தம் திரும்ப வரும். செலவும் ரெண்டு தடவை.

இதையெல்லாம் லேப்ல வெட்டி, பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கிற மாடலைப் பார்த்துக் கத்துக்க முடியாது. ஸ்கிராப் விலைக்கு ஒரு பழைய பாக்ஸ் வாங்கி, செமஸ்டருக்கு ஒரு தடவையாவது நாமே கழட்டி, அளந்து, திரும்ப மாட்டணும். டிபார்ட்மென்ட்ல சேர்ந்து போய்க் கேப்போம். நாளைக்கு ஒரு டிரைவர் அண்ணன் நம்மகிட்ட "என்ன தம்பி பிரச்சனை?"ன்னு கேட்டா, பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கணும்ல?