கோட்டுக்குள் இருக்கும் நூல்

ஆங்கிலத்தில் வடிவங்களையும் அவற்றின் உறுப்புகளையும் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. அம்மொழிகளில் அவற்றுள் பல, கணிதத்துக்குள் நுழையுமுன் அன்றாடப் பொருள்களின் பெயர்களாகவே வழங்கின. கூம்பைக் குறிக்கும் 'கோன்' பைன் மரத்தின் காய்; கனசதுரத்தைக் குறிக்கும் 'கியூப்' உருட்டி ஆடும் பகடை; சரிவகத்தைக் குறிக்கும் 'டிரபீசியம்' ஒரு சிறு மேசை. வட்டத்தின் மையமாகிய 'சென்டர்' என்பது குத்தும் கூர்முனையைச் சுட்டிய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலுக்கும் கிரேக்கர் அச்சொல்லையே வழங்கினர்.

கோட்டைக் குறிக்கும் 'லைன்' இவற்றுள் மிக அழகியது. ஆளிச்செடியின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்த அச்சொல், அச்செடியின் நாரில் திரித்த நூலையே முதலில் குறித்தது. இழுத்துக் கட்டிய நூல்தான் கோட்டுக்கு முன்மாதிரி. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதைக் கண்டவர்களுக்கும், மரத்தின் கோட்டத்தை நீக்கும் நூலோடு கல்வி நூலை ஒப்பிடும் நன்னூலைப் பயின்றவர்களுக்கும் இந்த உறவு புதிதாகத் தோன்றாது.

இப்பொருள்களை இன்றைய ஆங்கில மாணவர் காண்பதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியாகிய 'ஆர்க்' வில்லென்பதும், அதன் இரு முனைகளை இணைக்கும் 'கார்டு' குடல்நரம்பால் ஆன நாணென்பதும், மையத்திலிருந்து விளிம்புக்குச் செல்லும் 'ரேடியஸ்' சக்கரத்தின் ஆரக்கால் என்பதும் அயல்மொழி உருவங்களுக்குள் மறைந்துவிட்டன. தமிழிலோ வில், நாண், ஆரம் என்னும் பெயர்களே பொருளையும் காட்டிவிடுகின்றன. பாடநூல்கள் இவற்றை வெறும் வரையறைகளாகக் கடந்து போவது உண்மையிலேயே பெரிய இழப்பு.

அயற்சொற்கள் பொருளை மறைக்கும் இந்தக் குறையை ஆங்கிலத்தில் முதலில் உணர்ந்து செயல்பட்டவர்களுள் வேல்ஸ் நாட்டு மருத்துவரும் கணித அறிஞருமான ராபர்ட் ரெக்கார்டு தலையாயவர். 1551இல் அவர் வெளியிட்ட 'தி பாத்வே டு நாலெட்ஜ்' என்னும் வடிவியல் நூல், இலத்தீன் அறியாத எளிய வாசகரை எண்ணி எழுதப்பட்டதால், குறுங்கோணத்தைக் கூர்மூலை என்னும் பொருளில் 'ஷார்ப் கார்னர்' என்றும், விரிகோணத்தை மழுங்கிய மூலை என்னும் பொருளில் 'பிளண்ட் கார்னர்' என்றும், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டை 'டச் லைன்' என்றும் பெயரிட்டது. இணைகோடுகளுக்கு அவர் வழங்கிய 'ஜெமோ' என்னும் சொல்லுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பது பொருள். பிற்காலக் கணிதர் கிரேக்க, இலத்தீன் பெயர்களையே கைக்கொண்டமையால் இச்சொற்கள் வழக்கிழந்தன. தமிழ் மாணவர் இன்றும் 'தொடுகோடு' என்று சொல்லும்போது, ரெக்கார்டு தம் மொழிக்கு விரும்பிய தெளிவே அங்கு ஒலிக்கிறது.

1557இல் வெளியிட்ட மற்றொரு நூலில், சமம் என்று திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரண்டு 'ஜெமோ' கோடுகளை அவர் குறியாக இட்டார்; அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். பெயரை இழந்த அந்த இரட்டைக் கோடுகளைத்தான் உலகெங்கும் குழந்தைகள் இன்று சமக்குறியாக எழுதுகிறார்கள்.