வையுற வாய்க்கு ஒரு கையும் வேணும்

2024 ஏப்ரல் 28. சென்னைக்குப் பக்கத்தில் திருமுல்லைவாயல். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்மாடியிலிருந்து தவறி விழுந்த கைக்குழந்தை ஒன்று, கீழே கூரைத் தகட்டின் விளிம்பில் கிடந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. கீழே பெட்ஷீட்டை விரிச்சுப் பிடிச்சபடி ஒரு கூட்டம். ஜன்னல் வழியாக வெளியே ஏறி நின்னு, எட்டிக் குழந்தையைப் பிடிச்சவர் ஒருத்தர். குழந்தை பிழைச்சிருச்சு. நியாயமாப் பார்த்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும்.

முடியல. அதுக்கப்புறம்தான் ஊர் கூடியது. "இவளெல்லாம் ஒரு தாயா?", "பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லாதவ எதுக்குப் பெத்தா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். மூன்று வாரத்தில் அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் வந்த வசவுகளால் மனம் ஒடிந்திருந்தார் என்று செய்திகள் சொல்லின. ஒரு சாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த வசவுகளை எழுதியவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் இருக்கு.

எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்து பாருங்க. மானாவாரிக் காடு. பருத்தி எடுக்கவும், மிளகாய்ப் பழம் பறிக்கவும், களை வெட்டவும் போற பொம்பளைக்கு வீட்டில் ஆள் இல்லைன்னா, பிள்ளையும் கூடத்தான் வரும். வேப்பமரத்துக் கிளையில் பழைய சேலையைத் தொட்டிலாக் கட்டி, ஏழு வயசு அக்காவைக் காவலுக்கு வச்சிட்டு நிரை பிடிப்பாள். பூச்சி பொட்டு வராதா? வரும். தெரிஞ்சுதான் போறாள். அன்றைக்குக் கூலி விட்டா அன்றைக்கு உலை இல்லை. உங்க போன் கேமராவை எங்க காட்டுக்குள்ள ஒரு நாள் திருப்பினா, இங்கே உள்ள எல்லாத் தாயும் குற்றவாளிதான்.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கிற பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். நல்லது, வேணும். 50 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னு 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவும் நல்லது. களை வெட்டுற பெண்ணுக்கு? முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை உண்டு. அந்தக் காசு தீர்ந்ததும் தொட்டிலைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குத்தான். அங்கன்வாடியில் விடணும்னா பிள்ளைக்கு 2 வயசாகணும். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, 6 வயசுக்குட்பட்ட பிள்ளைகள் 5 பேரோ அதுக்கு மேலோ இருந்தா, பார்த்துக்க ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தணும்னு எழுதியிருந்தது. அப்படி ஓர் ஆளை எத்தனை கண்மாய்க் கரையில் பார்த்திருப்பீங்க? இதையெல்லாம் கேட்டு ஒருத்தரும் ஹேஷ்டேக் போடலை.

இன்னொன்றும் கவனிச்சீங்களா? அத்தனை வசவிலும் "அப்பன் எங்கே?" என்ற கேள்வியைத் தேடித்தான் பிடிக்கணும். பிள்ளை என்றால் பெண்ணின் பாடு என்பதில் மட்டும் பட்டணமும் பட்டிக்காடும் ஒன்னு.

எங்க ஊர்க்காரங்க உத்தமர்கள் என்று நான் சொல்ல வரலை. எங்க டீக்கடை நாக்கு உங்க கமெண்ட்டை விட நீளம். பிள்ளை திண்ணையிலிருந்து விழுந்தால் நாலு கிழவிகள் கூடி அவளைக் கிழிகிழின்னு கிழிப்பாங்க. ஆனா ஒரு வித்தியாசம். அப்படி வஞ்ச கிழவிதான் பிள்ளையை இடுப்பில் தூக்கி வச்சுக்கிட்டு, "போடி, போய் உலையை வை" என்பாள். மறுநாள் காலையிலும் அவள் முகத்தில்தான் முழிக்கணும். அதனால் வசவுக்கு ஓர் அளவு இருக்கும். பார்க்காத ஊரில் இருந்து, பெயர் தெரியாத பத்தாயிரம் பேர் வையும்போது அளவு ஏது? அதில் ஒருத்தர் கையாவது அந்தப் பிள்ளையைத் தூக்குமா?

அப்போ பிள்ளையைப் பட்டினி போட்டு, பூட்டி வச்சு, சூடு வைக்கிறவங்களையும் விட்டுரணுமா என்று கேட்பீங்க. கூடாது. 2015-ன் சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. 3 ஆண்டு வரை சிறை. ஆனா அதே பிரிவு, சூழ்நிலை கைமீறிப் போய்ப் பெற்றவர்கள் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், அதை வேணும்னே செய்ததாக எடுத்துக்கக் கூடாதுன்னும் சொல்லுது. வேணும்னே செஞ்சாளா, வழியில்லாமல் நடந்ததான்னு சட்டம் கேட்குது. கமெண்ட் போடுறவருக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை.

உண்மையிலேயே ஒரு பிள்ளை சீரழியுறது பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். தெரிஞ்சா 1098-க்கு ஒரு போன் போடுங்க. இலவசம்தான். அதுக்கு முன்னால் கதவைத் தட்டி, "ஒரு மணி நேரம் பிள்ளையை நான் வச்சிருக்கேன், நீ தூங்கு" என்று கேட்டுப் பாருங்க. பாதிக் குற்றம் அங்கேயே நின்னு போகும்.

திருமுல்லைவாயலில் பெட்ஷீட் பிடிச்சவங்களும் அந்தத் தாயைத் திட்டியிருந்தா நான் பேசாமல் இருந்திருப்பேன். அவங்க கை நீட்டினவங்க. நீங்க எதை நீட்டினீங்க?