அடைப்பு என்றாலே ஸ்டென்டா? ஆய்வுகள் சொல்வதும் நாம் செய்வதும்

2024 நவம்பரில் குஜராத் மாநிலம் மேஹ்சானா மாவட்டத்தின் போரிசனா கிராமத்தில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்தது. அங்கிருந்து 19 பேரை அகமதாபாத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அனைவருக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டது. ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அவர்களில் இருவர் இறந்துபோனார்கள். செலவு, ஏழைகளுக்கான ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் கணக்கில். தேவையில்லாதவர்களுக்கும் சிகிச்சை செய்யப்பட்டதாக மாநில அரசே குற்றம்சாட்டியது. வழக்கு, கைது என்று செய்தி சில வாரங்கள் ஓடி, பிறகு மறந்துபோனது.

அது குற்றம், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நம்மை அதிகம் கவலைப்பட வைக்க வேண்டியது, மோசடி எதுவுமே இல்லாத இடங்களிலும் தினமும் நடப்பது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று போகிறார். டிரெட்மில் சோதனை, அடுத்து ஆஞ்சியோகிராம். "ரெண்டு பிளாக் இருக்கு, இன்னைக்கே வெச்சிடலாம், இல்லன்னா எப்ப வேணும்னாலும் அட்டாக் வரலாம்" என்று வெளியே நிற்கும் மனைவியிடமும் மகனிடமும் சொல்லப்படுகிறது. முடிவெடுக்கப் பத்து நிமிடம். நகை அடகுக்குப் போகிறது. மறுவாரம் ஜமாஅத்துக்கு மனு வருகிறது, ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட மனுக்களை மைக்கில் வாசிக்கிறவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். மருத்துவ ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகமே பல்லாயிரம் நோயாளிகளை வைத்து விடை தேடியிருக்கிறது. அந்த விடை நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "பிளாக்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று மாரடைப்பு. இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் திடீரென மூடிக்கொள்கிறது. ஓய்வெடுத்தும் அடங்காத வலி, குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வேதனை. இங்கே பேச்சுக்கே இடமில்லை. 108-ஐ அழைக்க வேண்டும், குழாயை உடனே திறக்க வேண்டும். ஸ்டென்ட் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, ஆம்புலன்ஸையும் ஈசிஜி தகவலையும் ஒரே வலையில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த சிகிச்சையை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, நிலையான இதயத் தமனி நோய். வேகமாக நடந்தால் வலிக்கும், நின்றால் அடங்கும். அல்லது வலியே இல்லாமல் உடல் பரிசோதனையில் தெரியவரும். ஆய்வுகளின் விடை நமக்குத் தெரியாமல் இருப்பது இங்கேதான்.

2007-இல் வெளியான 'கரேஜ்' ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு முழுமையான மருந்துகள். மறு பாதிக்கு அதே மருந்துகளோடு ஸ்டென்ட். நான்கரை ஆண்டுக்கு மேல் கவனித்தும் மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. "நோய் கடுமையாக இருப்பவர்களைச் சேர்க்கவில்லை" என்று பலர் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம். அதற்குப் பதிலாகவே 'இஸ்கீமியா' ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 நோயாளிகள். இதயத்துக்கு இரத்த ஓட்டம் கணிசமாகக் குறைந்திருப்பது சோதனையில் உறுதியானவர்கள் மட்டும். ஒரு பிரிவுக்கு உடனே ஆஞ்சியோவும் தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸும். மற்றதற்கு மருந்து, மருந்து தோற்றால் மட்டும் ஆஞ்சியோ. சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்று மேல் கவனித்தபோது முதல் பிரிவில் 145 பேரும் இரண்டாம் பிரிவில் 144 பேரும் இறந்திருந்தார்கள்.

இது எப்படிச் சாத்தியம்? நாம் இரத்தக் குழாயைத் தண்ணீர்க் குழாய் போல நினைக்கிறோம். அடைத்த இடத்தைத் திறந்துவிட்டால் தீர்ந்தது என்று. ஆனால் நோய் ஓர் இடத்தில் இல்லை, குழாய்ச் சுவர் நெடுகிலும் இருக்கிறது. நாளை வெடித்து மாரடைப்பை உண்டாக்கும் திட்டு, ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரிந்த அடைப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது நாற்பது சதவீத அடைப்பாகக்கூட இருக்கலாம். ஸ்டென்ட் ஓர் அங்குல இடத்தைத்தான் விரிக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின், இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், பிரஷர், சுகர் கட்டுப்பாடு, புகையிலையை விடுதல் ஆகியவை குழாய் முழுவதையும் கவனிக்கின்றன.

அப்படியானால் ஸ்டென்ட் எதற்கு? வலிக்கு. அதையும் சோதித்தார்கள், அதுவும் துணிச்சலாக. இங்கிலாந்தின் 'ஆர்பிட்டா' ஆய்வில் ஒற்றைக் குழாயில் கடும் அடைப்புள்ள 200 பேரும் கேத் லேபுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைக்காமலே வெளியே அனுப்பினார்கள். யாருக்கு வைத்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. நல்ல மருந்துகளோடு இருந்த அவர்களிடையே ஆறு வாரம் கழித்து, நடக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2023-இல் அதே குழுவினர் வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி பார்த்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. ஆயினும் வலி முழுமையாக நீங்கியது ஐந்தில் இருவருக்குத்தான். ஆக, மருந்துக்கு அடங்காத வலிக்கு ஸ்டென்ட் நல்ல தீர்வு. "வைக்காவிட்டால் செத்துப்போவார்" என்பது இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் சொல்லாத வார்த்தை.

இதை அரைகுறையாக எடுத்துக்கொண்டு யாரும் மருத்துவரிடம் சண்டைக்குப் போய்விடக் கூடாது. இடது பிரதானத் தமனியில் அடைப்புள்ளவர்கள், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், வலி தாங்க முடியாத அளவுக்கு உள்ளவர்கள் 'இஸ்கீமியா' ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. மருந்தோடு தொடங்கியவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது. நீண்ட காலக் கணக்கில் உடனடிச் சிகிச்சைப் பிரிவில் இதயநோய் மரணம் சற்றுக் குறைவு, பிற மரணம் சற்று அதிகம், மொத்தம் சமம். எனவே ஆய்வு தரும் பரிசு "வேண்டாம்" என்பதல்ல, யோசிக்க அவகாசம். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, இன்னொரு மருத்துவரைப் பார்த்து, சில வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்கலாம்.

பிறகு ஏன் நடைமுறை மாறவில்லை? பணம் ஒரு காரணம். காப்பீட்டில் ஸ்டென்டுக்குத் தொகை உண்டு. அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதற்கு இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான், ஆனால் விலை குறைந்ததால் தேவை என்ன என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. இன்னொரு காரணம் நாமே. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பற்றி "ஒண்ணும் பண்ணாம அனுப்பிட்டாரு" என்று சொல்லி, அடுத்த மருத்துவமனைக்குப் போவது யார்?

ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். நெஞ்சுவலியோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான சோதனைகளோடு சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தார்கள். ஐந்தாண்டில் இதயநோய் மரணமும் மாரடைப்பும் அவர்களிடம் 2.3 சதவீதம், மற்றவர்களிடம் 3.9. அவர்களுக்கு ஸ்டென்ட் அதிகம் வைத்ததால் அல்ல. அந்த எண்ணிக்கை இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நோய் இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் சரியானவர்களுக்கு மாத்திரை தொடங்கப்பட்டது.

அந்த மாத்திரையைத்தான் நாம் மதிப்பதில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8 என்று 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் போகிற வயது அது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்த ஆறாம் மாதம் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை விடுகிறவர்களைப் பார்க்கிறோம். ரமளானில் நேரம் மாறுகிறது என்று தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வேளையை மாற்றி எழுதி வாங்கலாமே! இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை உரிய காலத்துக்கு முன் நிறுத்தினால் வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. மாரடைப்பு என்று வந்தால் காகிதம் எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மற்ற மனுக்களோடு ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகளின் நகலையும் வாங்கி, மஹல்லாவில் மருத்துவம் படித்த பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. அதில் பெயர் சேர்க்காதவர்களைச் சேர்த்துவிடுங்கள். மற்ற இதய மாத்திரைகளை வாங்க முடியாதவர்களின் பட்டியல் ஒன்று எடுத்து, மாதாமாதம் மருந்துக் கடைக்கு நேரடியாகப் பணம் கட்டுங்கள். துண்டு விரிக்கும் வசூலில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.