ஆண்மைக்கு அளவுகோல் எது?

மானிப்பாயிலே மருதடிப் பிள்ளையாரைப் பிரமச்சாரித் தெய்வமென்று கும்பிடுகிறோம். வாழ்நாள் முழுவதும் மணஞ்செய்யாதிருந்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரைப் போற்றுகிறோம். ஆயினும், மணத்துக்கு முன் தன்னைக் காத்துக்கொள்ளும் இளைஞனைத் தோழர்கள் "நீயும் ஒரு ஆம்பிளையோ?" என்று எள்ளும்போது வாய்மூடி நிற்கிறோம்!

பெண் தவறினால் குடும்ப மானம் போயிற்று என்கிறோம். ஆண் தவறினால் வயதுக் கோளாறு என்கிறோம். ஒரே செயலுக்கு இரு தீர்ப்பு வழங்குவது நீதியாகுமா? இந்த ஓரவஞ்சகமே எமது இளைஞர் கற்கும் முதற்பாடம். ஏளனத்துக்கு அஞ்சியவன் செய்யாததைச் செய்ததாகப் பீற்றிக்கொள்கிறான். குற்றமற்ற ஒரு பெண்ணின் பெயர் சந்திக்குச் சந்தி இழுபடுகிறது. இன்னொருவனோ பீற்றியதை மெய்யாக்கவே துணிகிறான்.

அத்தகையோனுக்கு, தோழர் தூண்டினர் என்பது நீதிமன்றில் விடையாகாது. இந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 12ஆக இருந்த பெண்ணின் சம்மத வயதை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 16ஆக உயர்த்தியது. ஆனால், சட்டத்துக்கு அஞ்சிய அடக்கம் மட்டும் போதாது. அடக்கத்தையே ஆண்மையின் புதிய விருதாக்குவதும் வேண்டாம். பெண்ணைத் தனக்கு நிகரென மதிப்பவனுக்கு அடக்கம் தானே வரும்.

பெற்றோரே! மகளுக்கு ஓதும் ஒழுக்கத்தை மகனுக்கும் ஓதுங்கள். ஊருக்கு நீதி ஒன்றே இருக்கட்டும்.