பிள்ளை போகட்டும், பேர் போகக்கூடாது



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால் நம் தோட்டங்களில் அங்கொரு லயத்திலும் இங்கொரு லயத்திலும் வெடிச்சத்தம் கேட்கும். கோயிலில் பூசை நடக்கும். "நம்ம தோட்டத்துப் புள்ளைக்கு கம்பஸ் கிடைச்சிருச்சி" என்று கொழுந்து மடுவத்தில் ஒரு கிழமைக்கு அதே பேச்சாக இருக்கும். தோட்டத் தலைவர் சால்வை போர்த்துவார். நமது சங்கமும் பாராட்டுக் கூட்டம் வைத்து, படம் பிடித்து, இதே பத்திரிகையில் போடும். அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளை பெட்டியோடு பஸ் ஏறிய மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் இதுவரை எழுதியதில்லை. இந்த மாதம் அதை எழுதுகிறோம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். இதே குடும்பம் உங்கள் லயத்திலும் இருக்கும். அம்மா 22 வருடங்களாகச் செக்ரோலில் பேர் பதிந்து கொழுந்து எடுப்பவர். அப்பா 15 வருடம் கவ்வாத்து வெட்டினார், மருந்து அடித்தார். நாட்சம்பளம் 1000 ரூபாவாக இருந்த காலத்தில், இது கட்டாது என்று ஒரு நாள் நின்றுவிட்டுக் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மூத்த மகன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இரண்டாவது மகளுக்கு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கடைசி மகன் எட்டாம் வகுப்பு. வீட்டில் பிரசருக்கு மருந்து குடிக்கும் அப்பாயியும் இருக்கிறார்.

அந்த மகள் படித்தது மட்டுமா? விடியுமுன் எழும்பிப் பீலியில் தண்ணீர் பிடிப்பது, ரொட்டி சுட்டுச் சம்பல் அரைப்பது, தம்பியைப் பாடசாலைக்கு அனுப்புவது, அப்பாயியைக் கிளினிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவளே. அம்மா நேரத்துக்குப் பெரட்டுக்குப் போனார் என்றால், பின்னால் நின்றது அந்தப் பிள்ளையின் கை. அவள் போன பிறகு முதல் மாதத்திலேயே அம்மா பல நாள் பெரட்டுக்குப் பிந்தினார். ஒரு நாள் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். மற்ற நாட்களில் பதைப்போடு மலைக்கு ஓடியும் நிறை வரவில்லை. அரைப் பேர் விழுந்தது. பிள்ளைக்குச் செலவு கூடிய அதே மாதத்தில் அம்மாவின் சம்பளம் குறைந்தது.

பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்பது உண்மை. ஆனால் மெத்தை இலவசமல்ல. பஸ், சாப்பாடு, போட்டோ பிரதி, போனுக்குப் போடும் டேட்டா, விடுதி கிடைக்கும் வரை அறை வாடகை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். மஹாபொல கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நமது குடும்பங்கள் தடுமாறுகின்றன. இந்தக் குடும்பமும் தடுமாறியது. தோடு அடகுக்குப் போனது. கிழமைக்குக் கிழமை கட்டும் கடன் ஒன்று எடுக்கப்பட்டது. அப்போது தோட்டக் காரியாலயத்திலிருந்து ஒரு யோசனையும் வந்தது: "பெரட்டுக்கு வரத் தேவையில்லை. ஒரு துண்டு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் எடுங்கள். கிலோவுக்குக் காசு தருகிறோம்."

களைத்துப்போன ஒரு தாய்க்கு இது வரமாகத்தான் தெரியும். அவர் கையெழுத்துப் போடச் சம்மதித்தும்விட்டார். அதைக் கேள்விப்பட்ட மகள் இரவில் போன் எடுத்து, "அம்மா, நான் வந்துர்றேன், நீங்க ஒத்தையில கஷ்டப்பட வேணாம்" என்று அழுதிருக்கிறாள். "நீ வந்துட்டா நான் இம்புட்டு நாள் மலை ஏறுனதுக்கு என்ன அர்த்தம் புள்ள? படி" என்று அம்மா போனை வைத்துவிட்டார். மறுநாள்தான் மாதர் சங்கத் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

தோழர்களே, வெளியார் உற்பத்தி முறை என்று கம்பனிகள் சொல்லும் இந்த ஏற்பாட்டை நமது சங்கம் எதிர்ப்பது தெரிந்ததுதான். இங்கே வீட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஒரு துண்டு மலையை ஒருவர் தனியாகப் பராமரிக்க முடியாது. கொழுந்து எடுக்க வேண்டும், புல்லு வெட்ட வேண்டும், உரம் போட வேண்டும், நிறுக்கக் கொண்டுபோக வேண்டும். அது குடும்பத்தின் எல்லாக் கைகளையும் கேட்கும் வேலை. கைகள் நிறைய உள்ள சில வீடுகளில், மலையும் நல்ல மலையாக அமைந்தால், கையில் நாலு காசு கூடப் பார்க்கலாம். மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போகிற வீட்டில் மிஞ்சியிருக்கும் கை யாருடையது? எட்டாம் வகுப்பில் படிக்கும் தம்பியின் கை. அக்காவைப் படிக்க அனுப்புவதற்காக எடுத்த மலை, இரண்டு வருடத்தில் தம்பியைப் பாடசாலையிலிருந்து இறக்கிவிடும்.

இரண்டாவது, பேர் பதிந்த தொழிலாளி என்ற இடம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். சட்டப்படி தொழில் கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு பேருக்கு அது 202 ரூபா 50 சதம். மாதம் 20 பேர் போட்டால் 4050 ரூபா. அது சம்பளத் துண்டில் கைக்கு வராத காசு. ஆனால் நமது காசு. மலையைக் குத்தகைபோல எடுத்துக்கொண்டவர் கம்பனியின் கணக்கில் தொழிலாளி அல்ல, கொழுந்து விற்பவர். அவருக்குச் சேமலாப நிதி இல்லை, பிரசவக் கொடுப்பனவு இல்லை, சம்பள நிர்ணய சபையின் தீர்மானமும் இல்லை.

மூன்றாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அது கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி கணக்கிடப்படும். இதைக் கவனியுங்கள். அந்த அம்மா நாளொன்றுக்கு 500 ரூபாவும் அதற்குக் குறைவாகவும் வாங்கிய வருடங்களும் கடைசியாக வாங்கும் சம்பளக் கணக்கில்தான் வரும். 2024 செப்டெம்பரில் தீர்மானித்த 1350 ரூபாப்படி 22 வருடத்துக்கு 4 இலட்சத்து 15 ஆயிரத்து 800 ரூபா. சம்பளம் கூடும்போதெல்லாம் பழைய வருடங்களின் பெறுமதியும் கூடும். நாம் போராடிப் பெறும் ஒவ்வொரு சம்பள உயர்வும் பின்னோக்கியும் வேலை செய்கிறது. இடையில் பேரை வெட்டிக்கொண்டு, நாளைக்குத் திரும்பி வந்து பதிந்தால், முதலாம் வருடத்திலிருந்து எண்ண வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நமது கிளைக் காரியாலயத்தில் ஒருவர், "அப்பா நின்றபோது பணிக்கொடை எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். வரவில்லை. கேட்கவும் இல்லை. "நானாத்தானே நின்னேன், எனக்கு எப்படிக் குடுப்பாங்க?" என்று அந்தத் தோழர் நினைத்திருக்கிறார். ஐந்து வருடம் பூர்த்தியாக வேலை செய்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடைக்கு உரித்துடையவர். விலகி 30 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 15 வருடம், 14 நாள், 1000 ரூபா. 2 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா கேட்பாரற்றுக் கிடந்தபோது, அந்த வீட்டில் தோடு அடகுக்குப் போயிருக்கிறது.

விண்ணப்பம் இப்போது தொழில் திணைக்களத்தில் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு சிக்கல். செக்ரோலில் அவருக்கு ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், மகளின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று. அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்த விதத்தில் எழுதியது. இதே சிக்கல் மகளின் மஹாபொல விண்ணப்பத்திலும் வந்தது. நம்மிடையே இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கும் வருடத்திலேயே மூன்று பத்திரங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிழையிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் நமது காரியாலயத்துக்கும் அப்போதே வாருங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

வேலை மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தை விட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை. வருமானம் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதன் போவான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். விலகுவதை எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சேவைக்காலக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் கையில் இருக்கட்டும். கொழும்பில் கடையில் நின்றாலும் கட்டடத்தில் கல் தூக்கினாலும், தற்காலிக வேலையானாலும், முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். கடையில் நிற்கும் நமது பிள்ளைகள் இதைக் கேட்கப் பயப்படுகிறார்கள். பயப்படாமல் கேட்க ஒரு சங்கம் பின்னால் இருக்க வேண்டும். அவர்கள் தோட்டத்துச் செக்ரோலில் இல்லை என்பதற்காக அவர்களை நாம் மறந்ததும் பிழைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகள் போனதால் விழுந்த வேலை முழுவதும் அம்மாவின் தலையில் ஏன் விழுந்தது? அப்பா வீட்டில் நிற்கும் நாட்களில் தண்ணீர் பிடிக்கலாம். தம்பிக்கு ரொட்டி சுடத் தெரிய வேண்டும். அப்பாயியின் கிளினிக் நாளைப் பக்கத்துக் காம்பராவோடு பேசிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆண் தோழர்களே, மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோம். நம் வீட்டு அடுப்படியில் என்ன செய்கிறோம்? ஒரு தாய் நேரத்துக்குப் பெரட்டுக்குப் போவது ஒரு முழுப் பேர். அந்த முழுப் பேரில்தான் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

நிர்வாகங்களிடம் நமது கோரிக்கைகள் பெரியவை அல்ல. மலை பிரித்துக் கொடுக்கும் பத்திரத்தில் தொழிலாளி கையெழுத்திடுமுன் சங்கப் பிரதிநிதி அதைப் படித்துச் சொல்ல இடம் வேண்டும். அதுவரையிலான பணிக்கொடைக் கணக்கை எழுத்தில் தர வேண்டும். பிள்ளையைப் பல்கலைக்கழகத்திலோ கல்வியியற் கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்க்கப் போகும் தாய் தகப்பனுக்கு அந்த நாட்களுக்காகப் பேர் வெட்டக்கூடாது. தோட்டக் காரியாலயத்துக்கு வரும் பிள்ளைகளின் கடிதங்கள் அங்கே ஒரு நாளும் தங்கக்கூடாது. பதிவுத் திகதி முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த இழப்புக்கு எவரும் நட்டஈடு கட்டியதில்லை.

நமது சங்கமும் செய்ய வேண்டியது உண்டு. பாராட்டுக் கூட்டத்துக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை, மஹாபொல வரும்வரை வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்தால் என்ன? அந்தப் பிள்ளைக்குச் சால்வையைவிட அது உதவும். இதைக் கிளைக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி முடிவை அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் எதற்குப் படிப்பு என்று கேட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்கள். அவர்கள் திரும்பி வந்து கொழுந்துக் கூடை தூக்க வேண்டும் என்று இங்கே எவரும் விரும்பவில்லை. நாங்களும் விரும்பவில்லை. போகட்டும். ஆனால் அவர்கள் கால் ஊன்றும் வரை இந்த வீடு விழாமல் நிற்க வேண்டும். வீட்டைத் தாங்குவது செக்ரோலில் இருக்கும் அம்மாவின் அந்த ஒரு வரிப் பேர்.

அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. இந்த மாதம் 21 பேர் போட்டிருக்கிறார். தம்பி ரொட்டி சுடப் பழகிவிட்டான். கொஞ்சம் கருகும் என்கிறார் அப்பாயி. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள்.