எது அரபு? எது தமிழ்?

நம் மாணவரிடையே ஒரு விளையாட்டுப் பரவியுள்ளது. 'சோறு போடு', 'பஸ் போய்விட்டது' போன்ற அன்றாட வாக்கியங்களை எடுத்து, முன்னே 'அல்' என்றும் பின்னே 'ஹூம்' என்றும் ஒட்டி, தொண்டையால் ஒலித்து, 'இதுதான் அரபு' என்று ஒப்புவிக்கின்றனர். கைத்தொலைபேசி அதனை வகுப்புக்கு வகுப்புக் கொண்டு செல்கின்றது.

சிரிப்புக்குத் தடைவிதிக்க நாம் முன்வரவில்லை. சிலேடையும் வசைக்கவியும் வளர்ந்த மொழி நம்முடையது. எழுத்துக்கெழுத்து 'க' சேர்த்து நாமும் சிறுவயதில் மறைமொழி பேசியவர்களே. ஆயின் அங்கே நம் மொழியைக் கொண்டு விளையாடினோம். பக்கத்து வாங்கில் இருந்தவனைக் கொண்டு விளையாடவில்லை. இன்று நம் வகுப்பில் அரபு நாட்டவர் எவருமிலர். இருப்பவன் வீட்டிலும் வீதியிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மாணவன். 'அவனும் சேர்ந்து சிரிக்கின்றானே' என்பர் சிலர். நாற்பது பேர் சிரிக்கும் அறையில் ஒருவன் மட்டும் சிரியாதிருத்தல் எளிதோ?

உண்மையை நோக்குவோம். தமிழ் முஸ்லிம்கள் தம் சமயத்தின் தலையாய கடமைகளைத் தொழுகை என்றும் நோன்பு என்றும் தமிழாலேயே வழங்குகின்றனர்; அவர்தம் திருநாள் பெருநாள். நாமோ சட்டத்தை 'அமுல்' செய்கிறோம். கூட்டத்தை 'ரத்து' செய்கிறோம். 'பாக்கி'க்காகத் 'தகராறு' படுகிறோம். மேடையேறிச் 'சவால்' விடுகிறோம். இச்சொற்கள் அனைத்தும் அரபு மூலமுடையவை. அவற்றைச் சொல்லும்போது எவரும் நகைப்பதில்லை.

அரபையும் தமிழையும் இணைக்கும் முயற்சியை நம் முன்னோர் கேலியாகவன்றிக் கல்வியாகவே செய்தனர். அரபு எழுத்திலே தமிழை எழுதிய அரபுத்தமிழில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியுமிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினர். கீழக்கரையிலும் பேருவளையிலும் அம்முறையில் நூல்கள் எழுந்தன. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய சித்திலெப்பை, 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தில் நிற்கின்றது. 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்றவர். இவர்களை நீக்கி எழுதும் தமிழ் வரலாறு முழுமை பெறுமோ?

யாழ்ப்பாணத்தார் இவ்விடயத்தில் பிறரினும் கூடிய பொறுப்புடையோர். 1990 ஒக்டோபர் 30 இல் இந்நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணத்தினின்றும் துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பேச்சுமொழியால் அவர்கள் நம்மவர். அன்று அது அவர்களைக் காக்கவில்லை. அக்கொடுமைக்கு ஒரு பகிடி காரணமென்று நாம் கூறோம். ஆயின், அயலவனை அந்நியனாகக் காணப் பழகிய மனம் அவன் வீடு வெறுமையாகும்போது வாளாவிருக்கும் என்பதை நாம் கண்டோம். மீண்டு வந்தோரின் பிள்ளைகள் இன்று நம் முன் அமர்ந்திருக்கின்றனர்.

ஆசிரியத் தோழர்களே, 'அல்' ஒட்டும் மாணவனைப் பிரம்பால் திருத்த வேண்டா. அவனைக் கரும்பலகைக்கு அழையுங்கள். அமுல், தொழுகை, ரத்து, நோன்பு என நான்கு சொற்களை எழுதுங்கள். எது அரபு, எது தமிழ் என்று அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். அவன் தடுமாறும் இடத்திலே நம் பாடம் தொடங்கட்டும்.