புதுப் பந்தும் ஐந்தருவியும்: ஒரு சி.எஸ்.கே வெறியரின் குற்றாலக் கணக்கு

"அண்ணாச்சி, சீசன் எப்படி இருக்கு?"

தென்காசியில் யாரிடம் இப்படிக் கேட்டாலும், "ஐந்தருவியில நல்லா விழுது, மெயின்ல கூட்டம் ஜாஸ்தி" என்றுதான் பதில் வரும். நாம் கேட்டது ஐ.பி.எல் சீசனைப் பற்றி என்று விளக்கினால், முகம் அப்படியே வாடிவிடும். பின்னே? 2025-ல் 14 மேட்ச், 4 வெற்றி, பாயின்ட்ஸ் டேபிளில் முதல்முறையாகக் கடைசி இடம்!

அந்த வருஷம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது மே 24. சி.எஸ்.கே-வின் கடைசி மேட்ச் மே 25. ஒரு சீசன் முடிவதற்குள் இன்னொரு சீசனை அனுப்பிவைத்த இயற்கைக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் என்னைப் போன்ற வெறியர்களுக்கு, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவி வரிசையில் நிற்கும்போதும் ஒரே கவலைதான்: முதல் ஓவரை யாரிடம் கொடுப்பது?

அமெரிக்காவின் பேஸ்பாலில் இந்தக் கவலைக்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து எறிபவருக்கு 'ஸ்டார்ட்டிங் பிட்சர்' என்று பெயர். பெரும்பாலான டீம்கள் ஐந்து பேரை வைத்துக்கொண்டு முறைபோட்டு இறக்கும். ஒருநாள் 90, 100 பந்து எறிந்தவருக்கு அடுத்த நாலைந்து நாள் ஓய்வு. ஐந்து பேர் என்றதும் எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்? நம்ம மஞ்சள் படையில் புதுப் பந்தைத் தொட்ட ஐந்து பேரை இங்கே இறக்கிவிட்டேன்.

பழைய குற்றாலம்: பாலாஜி

பெயரிலேயே 'பழைய' இருக்கிறது. 2008 மே 10, சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஹாட்ரிக். ஐ.பி.எல் வரலாற்றிலேயே முதல் ஹாட்ரிக் அதுதான். மொத்தம் 5 விக்கெட். அடி வாங்கினாலும் சிரிப்பார், விக்கெட் எடுத்தாலும் சிரிப்பார். இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு அந்த மேட்ச் ஞாபகம் இருக்காது. வீட்டில் மாமாக்களிடம் கேளுங்கள், ஒருமணி நேரம் பேசுவார்கள்.

புலியருவி: அஸ்வின்

பெயர்தான் புலி. சின்னப் பிள்ளைகள்கூட நின்று குளிக்கலாம், அவ்வளவு சாது. அஸ்வின் கையில் புதுப் பந்தைப் பார்த்தபோதும் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2011 ஃபைனலில், அந்த சீசன் முழுக்க வெளுத்துக்கட்டிய கிறிஸ் கெயிலை முதல் ஓவரிலேயே டக் அவுட் ஆக்கினார். அப்போதுதான் புலி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று புரிந்தது.

ஐந்தருவி: துஷார் தேஷ்பாண்டே

தண்ணீர் எந்தக் கிளையில் பலமாக விழும் என்று போய் நின்றால்தான் தெரியும். 2023 தொடக்கத்தில் நம்ம பவுலிங்கும் அப்படித்தான். லக்னோவுக்கு எதிரான மேட்ச்சில் டீம் மொத்தமாக 13 வைடு, 3 நோ-பால். இப்படியே போனால் வேறு கேப்டனைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தோனியே எச்சரித்தார். ஆனால் அந்த சீசன் முடிந்தபோது துஷார் கணக்கில் 21 விக்கெட், நம்ம கையில் கோப்பை. ஐந்து கிளையும் சேர்ந்து ஒரே இடத்தில் விழுந்த வருஷம் அது.

பேரருவி: கலீல் அகமது

காலையில் குளிக்க அனுமதி, மதியம் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர், உடனே தடை. கலீலின் 2025 இதேதான். மார்ச் 23 அன்று ரோஹித் ஷர்மாவை முதல் ஓவரிலேயே டக்கில் அனுப்பினார். மே 3 அன்று பெங்களூருவில் ரொமாரியோ ஷெப்பர்ட் அவருடைய ஒரே ஓவரில் 33 ரன் அடித்தார். 2 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு வெள்ளத்துக்கு அபாயச் சங்கு ஊத யாரும் இல்லை.

சாரல்: தீபக் சாஹர்

சாரல் அருவியே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் குற்றாலமே இல்லை. சாஹருக்கு அதிரடி வேகம் கிடையாது. பந்து காற்றில் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான், ஆள் நனைந்திருப்பார். 2018-ல் 80 லட்சத்துக்கு வந்தவர், 2019-ல் கொல்கத்தாவுக்கு எதிராக 24 பந்தில் 20 டாட் பால் போட்டார். 2022 ஏலத்தில் 14 கோடி. அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. முதலில் தொடைத் தசையில் காயம், தேறி வரும்போது முதுகில் காயம். 2024 மே 1 அன்று சேப்பாக்கத்தில் இரண்டே பந்து போட்டுவிட்டு வெளியேறினார்.

'14 கோடிக்கு ஆஸ்பத்திரி பில்' என்கிற ரீதியில் எத்தனை மீம்ஸ்! எங்க டெஸ்க்கிலும் சிரித்தோம். ஆனால் வேகப்பந்து வீச்சில் முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை கால் வழியாக முதுகில் ஏறுகிறது. இளம் பவுலர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது சர்வசாதாரணம். டி20-யில் 24 பந்துதானே என்று நமக்குத் தோன்றும். வலையில் போடும் பந்தை யார் எண்ணுகிறார்கள்?

இதை எங்க ஊர்ப் பையன்களுக்காகவும் சொல்கிறேன். டென்னிஸ் பால் மேட்ச்சில் எல்லாருக்கும் ஓப்பனிங் பேட்டிங் வேண்டும். வேகமாகப் போடத் தெரிந்த ஒரே பையன் காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டுக்கொண்டே இருப்பான். பதின்ம வயதுப் பவுலர்கள் ஒரு ஸ்பெல்லில், ஒரு நாளில் இத்தனை ஓவர்தான் போடலாம் என்று இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு வயதுவாரியாக வரம்பே வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பையன் "முதுகு வலிக்கும்மா" என்றால், "போனைப் பார்த்துக்கிட்டுக் குனிஞ்சே இருந்தா வலிக்காம?" என்று விரட்டாமல், அன்றைக்கு எத்தனை ஓவர் போட்டான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அதே 2025 மார்ச் 23. சாஹர் சேப்பாக்கத்துக்கு வந்தார், மும்பையின் நீல ஜெர்சியில். 15 பந்தில் 28 ரன் அடித்தார். பிறகு புதுப் பந்தில் நம்ம விக்கெட்டையும் எடுத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் ஓடிவந்து காலை ஊன்றிய ஒவ்வொரு முறையும் என் கண் பந்தின் மேல் இல்லை, அவர் முதுகின் மேல்தான் இருந்தது. எதுவும் ஆகவில்லை. நிம்மதி.